பதினெட்டாவது குச்சி

அனகாபுத்தூரிலிருந்து பொழிச்சலூர் வரை கல்யாணப் பிரியாணி என்றால் நசீருதீன் பாயைத்தான் தேடி வருவார்கள். முப்பது வருஷமாகத் தேக்சா அண்டா முன்னால் நிற்பவர். அதில் இருபத்திரண்டு வருஷம் வாயில் மாவா அடக்கியபடியே நின்றவர். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிய அந்த உருண்டை கன்னத்தில் இருந்தால்தான் அடுப்பு அனலைத் தாங்க முடியும் என்பது அவர் நம்பிக்கை. மனைவி குல்ஷன் ஏதாவது சொல்ல வந்தால், "குடிக்கிறேனா, பீடி புடிக்கிறேனா? இது ஒண்ணுதானே?" என்று அடக்கிவிடுவார்.

ஐம்பதைத் தொட்டபோது மிளகாய் அவருக்கு எதிரியானது. மசாலா ஒரு சொட்டு பட்டாலும் வாயெல்லாம் நெருப்பு வைத்தது போல எரிந்தது. பிரியாணி மாஸ்டர் வீட்டில் தயிர்சோறு தின்றார். பிறகு வாயே சுருங்க ஆரம்பித்தது. கவளம் நுழையவில்லை, கொட்டாவி பாதியில் நின்றது. உப்புப் பார்க்கும் வேலையை உடன் சமைக்கும், கூடவே மாவா போடும் முதாசிரிடம் தள்ளிவிட்டார். யாராவது காரணம் கேட்டால், "நோன்பு வெச்சிருக்கேன்" என்பார். ரம்ஜான் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பம்மலில் ஒரு வலீமா, மாப்பிள்ளை வீட்டுக் கல்யாண விருந்து. அன்றைக்கென்று முதாசிருக்குக் காய்ச்சல். கைப்பழக்கத்தை நம்பி உப்பைப் போட்டார் நசீருதீன். முதல் பந்தியிலேயே உப்புக் கரித்துத் தட்டுகள் அப்படியே நின்றன. மாப்பிள்ளையின் தகப்பனார் திட்டவில்லை. ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து, "நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க பாய்" என்றார். நசீருதீன் ஸ்பூனை எடுத்தார். அது பல்லில் இடித்து நின்றது. திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. சுற்றி நின்றவர்களும், விருந்துக்கு வந்திருந்த குல்ஷனும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை குல்ஷன் ஆட்டோவைக் கூப்பிட்டு, அவரைத் தாம்பரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் அபிகாயில் சின்ன ஸ்கேலை அவர் பற்களுக்கு நடுவே வைத்து அளந்தார்.

"பதினெட்டு மில்லிமீட்டர். நாற்பது இருக்கணும். மாவாவால கன்னத்துக்குள்ள சதை நார் மாதிரி இறுகிடுச்சு."

"கேன்சரா மேடம்?" குல்ஷன்தான் கேட்டாள்.

"துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். இல்லைன்னு வந்தாலும், இவர் விடலேன்னா அது எப்ப வேணாலும் வரும்."

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அந்தப் பத்து நாளும் அவர் மாவாவைத் தொடவில்லை, பயம் தொடவிடவில்லை. பயம் போன பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. தலை வெடித்தது, காரணமில்லாமல் குல்ஷன் மேல் எரிந்து விழுந்தார். ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவள் வாசலை மறிக்கவில்லை.

"போங்க. ஆனா அந்த ஸ்பூன் பல்லுல இடிச்சப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இன்னொரு தடவை என்னால அதைப் பார்க்க முடியாது."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வாரம் ஒருமுறை கன்னத்துக்குள் ஊசி. தினமும் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் கண்ணாடி முன்னால் பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே திணித்து, ஐந்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். முதல் நாள் ஒன்பது குச்சி, அதாவது அதே பதினெட்டு மில்லிமீட்டர். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பதின்மூன்றில் ஒன்றரை மாதம் நகரவே இல்லை. "முழுசா பழையபடி வராது, ஆனா விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். விடவில்லை. பதினான்கு போனது, பதினைந்து போனது. பத்தாவது மாதத்தில் பதினெட்டாவது குச்சியும் நுழைந்தபோது, குச்சிகளை வாயில் வைத்துக்கொண்டே சமையலறைக்கு ஓடி குல்ஷனிடம் காட்டினார். பேச முடியாமல் விரலை விரித்து விரித்து எண்ணிக் காட்டிய மனுஷனைப் பார்த்து அவள் சிரித்தாள், அழுதாள்.

அடுத்த வாரம் அனகாபுத்தூரிலேயே எழுநூறு பேருக்குக் கல்யாணச் சாப்பாடு. மூடியைத் திறந்து தம் உடைக்கும் நேரத்தில் முதாசிர் வழக்கம்போல் ருசி பார்க்கக் கையை நீட்டினான். நசீருதீன் அந்தக் கையை விலக்கினார். ஆவி பறக்கும் சோற்றில் ஒரு பிடி எடுத்து ஊதி, எல்லார் முன்னாலும் வாயில் போட்டார். கொஞ்சம் எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் பட்டையும் கிராம்பும் நெய்யும் தனித்தனியாகத் தெரிந்தன.

"பட்டை ஒரு சிட்டிகை தூக்கல். உப்பு சரி. எறக்கு!"

முதாசிர் வாயைப் பிளந்தான். "இன்னா பாய், வாய் இவ்ளோ தொறக்குது! எனக்குக் கூட இப்பல்லாம் எரியுது பாய், சொல்லல."

"நாளைக்குக் காலைல என்கூட வா. டாக்டரம்மாவைப் பார்க்கலாம்."

சமைத்தவர்கள் பந்தியில் உட்காருவது வழக்கமில்லை. அன்று நசீருதீன் கைகழுவி, விருந்தாளிகளோடு சரிசமமாக உட்கார்ந்தார். எலும்பைக் கடித்து மஜ்ஜையை உறிஞ்சினார். மூன்றாம் முறை சோறு வந்தபோதும் போதும் என்று தட்டைக் கையால் மறைக்கவில்லை.