அப்பா கேட்ட தாத்தூஸ்

தோலோடு வேகும் உருளைக்கிழங்கில் ஒரு மண்வாசனை உண்டு. மழை பெய்ததும் தெருவில் எழுகிற வாசனை அல்ல. யாருடைய செருப்போடோ வீட்டுக்குள் வந்துவிட்டு, திரும்பிப் போக வழி தெரியாமல் நிற்கிற மண்ணின் வாசனை. அது எங்கே வந்தாலும் எனக்கு அப்பாவின் முதுகு தெரியும். வேல்ஸ் நாட்டில், மழைத்தண்ணீர் வழியும் சன்னலுக்கு முன்னால், அடுப்பைப் பார்த்து நிற்கும் முதுகு.

அப்பா வன்னியம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸாக இருந்த அம்மாவைக் கைப்பிடித்தார். அம்மாவுக்கு வேல்ஸில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது, கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். மில்லில் ஓடிய கால்களுக்கு அங்கே ஓட இடமில்லை. வேலை தேடித் தேடி அலுத்தார். அம்மாவுக்கோ இரவு டூட்டி. அடுப்பு அப்பாவின் கைக்கு வந்தது.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பண்டம். வெந்த உருளைக்கிழங்கு, அதன்மேல் குளிர்ந்த மோர். அவ்வளவுதான். உருளைக்கிழங்குக்கு அவர்கள் பாஷையில் தத்தூஸ் என்று பெயர். அப்பாவின் வாயில் அது தாத்தூஸ் ஆயிற்று. வயல்காட்டுக்காரர்களின் சாப்பாடு என்று அந்தம்மா சொன்னாராம். "அந்த ஊர்ப் பழைய சோறு" என்று அப்பா மொழிபெயர்த்துக்கொண்டார்.

எனக்குப் பத்து வயதாகும்போது ஊருக்குத் திரும்பினோம். அப்பா ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து, கிணற்று மோட்டார்களுக்கு உயிர் கொடுத்தே வயதானார். சமையலறைப் பக்கம் அவரை யாரும் விடவில்லை. கல்யாண வீடுகளில் மாமா ஒருவர் விடாமல் சீண்டுவார்: "ஏலே, சீமைக்குப் போயி சட்டி கழுவுனவன்ல நீ." அப்பாவுக்குக் கோபமே வராது. "ஆமா மச்சான், பளபளன்னு கழுவுவேன். ஒங்க வீட்டுச் சட்டியையும் கொண்டாங்க" என்பார். பந்தியே சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார்.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. அம்மா மறுபடியும் நர்ஸ் ஆனார். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, குழாய் வழியே கஞ்சி கொடுப்பது எல்லாம் அவரே. சென்னையில் இருந்த எனக்கு அத்தை ஒருநாள் போன் செய்தார். அப்பாவின் தங்கை, சேத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பார்த்தவர். "எங்கண்ணன் தாத்தா தாத்தாங்காரு ஏட்டி. எங்க தாத்தா கூட்டிட்டுப் போக வந்துட்டாரு போல. வெரசா வா."

வந்து சேர்ந்தபோது வீடு சாவுக்குத் தயாராகியிருந்தது. அப்பாவுடைய தாத்தாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அப்பாவின் கண்முன் காட்டியிருந்தார்கள். அவர் எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நான் அருகில் உட்கார்ந்தேன். "தாத்தூ" என்றார். கோணிய உதட்டோரம் காற்று ஒழுகியது. இடது கை எழுந்து, இல்லாத ஒரு கிண்ணத்தில் இல்லாத எதையோ கரண்டியால் மசித்தது. அந்த ஒழுகிய காற்றுத்தான் கடைசி எழுத்து என்று அப்போது புரிந்தது. தாத்தூஸ்.

எனக்கு ருசி தெரியும், பக்குவம் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "என்ன போட்டாரு, எப்படிச் செஞ்சாருன்னு நான் பாத்ததே இல்லட்டி. டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்தா கிண்ணம் இருக்கும். தின்னுட்டுப் படுப்பேன்" என்றார்.

குக்கரில் வைத்தேன், குழைந்து களியாகிவிட்டது. மறுபடி வேகவைத்து மோர் ஊற்றி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், அத்தை அதில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டார். "இம்புட்டு மொட்டையாவா ஒரு சீக்காளிக்குக் குடுக்கிறது?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் கைக்கு மோரைக் கண்டால் தாளிக்காமல் இருக்கத் தெரியாது. மறுநாள் காலை தோலோடு பானையில் போட்டு, பதமாக எடுத்து, உரித்து, கரண்டியால் உடைத்து, குளிர்ந்த மோரும் உப்பும் மட்டும் சேர்த்தேன். நாக்கில் வைத்தேன். சன்னல், மழை, உட்கார்ந்தால் என் சின்னக் கால்கள் தரையைத் தொடாத நாற்காலி, எல்லாம் ஒரு வாயில் இறங்கின.

ஒரு சொட்டு மோரைக் கரண்டி நுனியில் எடுத்து அப்பாவின் உதட்டில் தடவப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டார். இன்னும் தவறு செய்கிறேன் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. அப்பா இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார். என்னை நோக்கி அல்ல. கட்டிலின் மறுபக்கம், தலைகூட வாராமல் நின்ற அம்மாவை நோக்கி. அப்போதுதான் அம்மாவை நான் சரியாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, ரவிக்கை தோளில் நிற்காமல் இருந்தார். டீயைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றும், சொன்னால் கேட்பதில்லை என்றும் அத்தை சொன்னார். நாங்கள் யாரும் கவனிக்காததைப் படுத்துக்கிடந்தவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணீர் மோரில் விழ விழச் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் நினைவு தப்பிய அப்பா பிறகு கண் திறக்கவில்லை.

ஓராண்டு ஆகிவிட்டது. வீட்டுக்கே வந்து பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டருக்கும், அப்பாவைக் குழந்தைபோல் தூக்கி இறக்கிய கடைப் பையன்களுக்கும், அன்று கேட்டதும் மோர் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அத்தைக்கும், சட்டியைச் சொல்லிச் சீண்டிவிட்டுப் பாடை தூக்கும்போது தேம்பி அழுத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அன்று காலை அம்மா காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தபோது, மாதக்கணக்கில் சிதைந்து கிடந்த பேச்சிலிருந்து அப்பாவுக்கு ஒரு சொல் முழுசாக வந்தது.

"போதுமா?"

"போதுங்க" என்றார் அம்மா. "வயிறு நெறஞ்சிருச்சு. நீங்க தூங்குங்க."