கால் தெரியாத படம்

இப்போது பிலிம் பெட்டியில் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். எண் கூடினால் இருட்டிலும் எடுக்கலாம், ஆனால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக விழும். அந்த மணலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகம் என்றால் வழுவழுவென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெகட்டிவில் பென்சிலை வைத்து இழைத்துக்கொண்டே கிடப்பேன். சுங்கைப்பட்டாணியில் என் ஸ்டூடியோவுக்கு ஆள் வந்ததே அதற்காகத்தான்.

ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் நாசமாய்ப் போனது. நல்ல பிலிமையெல்லாம் வாரிக்கொண்டு போனான். மிஞ்சியது யாரும் சீந்தாத, மணல் விழுகிற வேகமான பிலிம் சில சுருள். கடையை மூடவும் விடவில்லை, ஊரைவிட்டுப் போகவும் விடவில்லை. அதிகாரிகள் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் எடுக்க வேண்டும். நாய்ப் பிழைப்பு.

ஒருநாள் ஓர் அதிகாரி ஸ்டேஷன் பக்கம் ரப்பர் கிடங்குக்கு வரச் சொன்னான். சயாமில் ரயில் ரோடு போடத் தோட்டங்களில் பிடித்த ஆட்களை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களை வெளியே வரிசையாக நிறுத்தி, தான் நடுவில் நின்று ஒரு படம் வேண்டுமாம் துரைக்கு!

கிடங்கு வாசலில், பாக்கார் ஆராங் ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம்.

"அண்ணே, எம் புருசனும் உள்ளதான் இருக்காரு. புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். அவர மட்டும் தனியா ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே. வீட்டுல அவரு படம் ஒண்ணுகூட இல்ல. ஆனா கால் தெரியணும். தலைய மட்டும் எடுத்துராதீங்க."

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் ஜனங்களுக்கு உயிரோடு இருப்பவன் படம் என்றால் செருப்போடு முழுசாக நிற்க வேண்டும். முகம் மட்டும் பெரிதாக இருந்தால் அது செத்தவன் படம், மாலை போட்டு மாட்டுவதற்கு. சரி தங்கச்சி, முழுசாகவே எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆட்களை வெளியே கொண்டுவந்து நிறுத்தும்போதே மழை பிடித்துக்கொண்டது. காவல்காரன் அவர்களை உள்ளே நெட்டினான், கூடவே என்னையும் நெட்டிக் கதவைத் தாழ் போட்டான். "நான் படம் பிடிக்கிறவன்!" என்று கத்தினேன். யார் கேட்டது? உள்ளே மூத்திர நாற்றம், கும்மிருட்டு, தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். ரயில் வந்தால் என்னையும் சேர்த்து ஏற்றிவிடுவான், கேட்பார் யார்? கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம்.

"தட்டாதீங்கண்ணே, உள்ள வந்து அடிப்பான்" என்றான் ஒருத்தன். எங்கிருந்தோ கசிந்த கீற்றில் அவன் புருவத்துத் தழும்பு தெரிந்தது.

பலகைச் சுவரில் ஓர் இடுக்கு. வெளிச்சம் என்று இருந்தது அதுதான். உன் பெண்டாட்டி படம் கேட்டாள் என்று சொல்லி அவனை அங்கே நிறுத்தினேன். முகத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்தது, கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நகர்த்திப் பார்த்தும் காலுக்கு வெளிச்சம் எட்டவில்லை. வேறு வழியில்லை. கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கினேன், லென்ஸை முழுசாகத் திறந்தேன், மூச்சை அடக்கச் சொன்னேன். அவன் இமைக்கவே இல்லை.

"வெளிய நிக்கிறாளாண்ணே?"

"நிக்குதுப்பா."

மழை விட்டதும் துரைக்குப் படம் வேண்டாமாம். கதவைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலமே அவர்களை ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். பிலிம் கழுவுகிற மருந்தில் கூடுதலாக ஊறப்போட்டும் படம் மங்கல்தான், முகமெல்லாம் ரவையைக் கொட்டின மாதிரி மணல்.

"முகம் மட்டுமா?" படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "உயிரோட இருக்கிற மனுசன இப்படி எடுக்கலாமாண்ணே?"

இருட்டைச் சொன்னேன், இடுக்கைச் சொன்னேன். அவள் கவிழ்த்த படத்தைத் திருப்பவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

"இன்னிக்கு வச்சிட்டுப் போ தங்கச்சி. பென்சில் போட்டு வழுவழுன்னு ஆக்கித் தரேன்."

போவதற்கு எழுந்தவள் படத்தைத் திருப்பினாள். கன்னத்தில் கட்டைவிரலை வைத்து மெல்லத் தேய்த்தாள்.

"சவரம் பண்ணலையா இவரு?"

"கத்தி குடுத்திருக்க மாட்டாங்கம்மா."

"முள்ளு முள்ளா இருக்கே. தாடி வந்தா அவருக்குத் தூக்கமே வராதுண்ணே, சொறிஞ்சுகிட்டே கெடப்பாரு." முந்தின நாளெல்லாம் மழையில் கல்லாக நின்றவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். "பென்சிலெல்லாம் வேணாம். தொடாதீங்க."

அதில் தாடி எது, பிலிமின் மணல் எது என்று எனக்கே தெரியாது. படத்தை அப்படியே காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

ஜப்பான்காரன் போனான். சயாமில் பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவன் வரவில்லை. ஒருநாள் சந்தையில் அவளைப் பார்த்தேன். படத்துக்கு மாலை போடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் அவளைப் பிய்த்தெடுக்கிறார்களாம்.

"சவரம் பண்ணாத மூஞ்சிக்கு எவளாச்சும் மாலை போடுவாளாண்ணே?" என்றாள். "மொதல்ல வந்து சவரம் பண்ணட்டும்."