விண்கலத்தில் கழற்றி வைத்த பூட்ஸ்

1. வரிசையாக நின்ற பூட்ஸ்

படப்பிடிப்பில் கண்டினியூட்டி பார்ப்பது என் வேலை. ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் வலது கைக்குப் போயிருக்கக் கூடாது. பல வருடம் சென்னையில் இதைப் பார்த்துவிட்டு, சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்குத் திரும்பிய பிறகு ஒரே ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரு பகுதி அது. தொலைதூரம் போகும் விண்கலம். வழியில் வேற்றுக்கிரக உயிர் ஒன்று கலத்தின் தலைவிக்குள் புகுந்துவிடுகிறது. உடல் அவளுடையது, பேச்சு அதனுடையது. கடைசியில் பொறியாளர் ஒரு கருவியை வைத்து அதை விரட்ட வேண்டும். பாலவனத்தம் ரோட்டில் பூட்டிக் கிடந்த பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி ஷெட்டை இயக்குநர் கார்த்திக் வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் அலுமினியத் தகடு அடித்து விண்கலம் ஆக்கியிருந்தார். சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. உள்ளே நிற்க முடியவில்லை.

தலைவியாக நடித்தவர் செல்வராணி, மேடை நாடக நடிகை. கலத்தின் பணியாளர்களாகத் திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தோம். எல்லோருக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்த ரப்பர் பூட்ஸ். காலையில் அவர்களை நிறுத்தி உடுப்போடு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பேச்சியம்மாள் என்ற தறிக்காரப் பெண் கேட்டார்: “இது டிவில வடக்கயும் தெரியுமாய்யா? எம்மகன் முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனான். மூணு வருசமா ஒரு போனும் இல்ல.”

போன் இருக்கிற இடமெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

காலை முழுவதும் மற்றக் காட்சிகளை எடுத்துவிட்டு, மதியம் அந்த உயிர் பேசும் காட்சிக்கு வந்தோம். முதல் டேக். செல்வராணியின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விரல்கள் முறுக்கிக்கொண்டன. உடம்பு உதறி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் மானிட்டரில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கார்த்திக், “கட், கட்” என்றார்.

பணியாளர்கள் அத்தனை பேரும் வெறுங்காலில் நின்றார்கள். பூட்ஸெல்லாம் சுவரோரம் ஜோடி ஜோடியாக இருந்தன.

“ஏம்மா கழட்டுனீங்க? இது ஸ்பேஸ் ஷிப்,” என்றார் கார்த்திக்.

“அருள் வந்து ஆடுறவுக முன்னால செருப்போட நிக்கச் சொல்றீகளா?” என்றார் பணியாளர்களில் ஒருவரான டெம்போ டிரைவர் மாரியப்பன். “செவ்வாக்கெழம வேற. நாளைக்கு வீட்ல எதுனா ஆச்சுன்னா நீங்களா வந்து பாப்பீக?”

“இது அருள் இல்லண்ணே, ஏலியன்.”

“அது எங்களுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலயே.”

எல்லோரும் சிரித்தார்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டார்கள்.

2. இரண்டாம் டேக்

இந்த முறை செல்வராணி இன்னும் நன்றாகச் செய்தார். வசனப்படி அவர் சிரித்து, “உங்கள் எல்லோருடைய உடலும் எனக்குத்தான்” என்று சொல்ல வேண்டும். அதற்குள் பேச்சியம்மாள் பூட்ஸைக் கழற்றினார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். பேச்சியம்மாள் நேராக நடந்துபோய் செல்வராணி முன்னால் நின்று கைகூப்பினார்.

“எம்புள்ள முனீசு எங்க இருக்கான்? உசுரோட இருக்கானா? அத மட்டும் சொல்லு தாயி.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். அருள் வந்தவரிடம் தொலைந்ததைக் கேட்பார்கள். பதிலும் வரும். உயிரோடு இருக்கிறான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

கார்த்திக் கட் சொல்லவில்லை. மானிட்டரில் செல்வராணியின் கண்கள்தான் முதலில் மாறின. பிறகு முறுக்கிய விரல்கள் பிரிந்தன.

“தெரியலக்கா,” என்றார் சொந்தக் குரலில். “எனக்குத் தெரியல.”

பேச்சியம்மாளின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

3. சேருமா, சேராதா

“ஏத்தா பேச்சி, அது நடிப்புன்னு ஒனக்குத் தெரியாது?” என்று மாரியப்பன் கடிந்துகொண்டார்.

“தெரியாம என்ன. காலைல அவுக மேக்கப் போடுறப்ப நாந்தான் கண்ணாடி பிடிச்சேன். கேக்காம இருக்க முடியல.”

கார்த்திக் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அம்மா, இதை அழிச்சிடுறேன். யாரும் பாக்க மாட்டாங்க.”

“எதுக்கு அழிக்க? போடுங்க. எங்க இருந்தாவது பாப்பான்ல.”

“உங்க பையன் பேரு வருதேம்மா.”

“பேரு இல்லாட்டி தன்னயத்தான் கேக்காகன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

செல்வராணி, “ஊரெல்லாம் பாக்கும்க்கா. ஒன்னயப் பேசுவாங்க” என்றார்.

“இப்ப மட்டும் பேசாமயா இருக்காக?”

கார்த்திக் என்னிடம் திரும்பினார். “அண்ணே, இந்த ஷாட் சேருமா?”

சேராது என்றேன். அதே அறையில் காலை முழுவதும் எடுத்ததில் எல்லோர் காலிலும் பூட்ஸ். இதில் வெறுங்கால். பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார்.

“அப்ப பூட்ஸப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ கேக்கட்டுமாய்யா?”

செல்வராணிதான் மெதுவாகச் சொன்னார். “என்னால இன்னொரு தடவ தெரியலன்னு சொல்ல முடியாது சார்.”

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து, முதலில் எடுத்ததற்கு அடுத்ததைப் பொருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். மாற்றிப் பொருத்தலாம் என்று அன்றுதான் தோன்றியது. “காலையில எடுத்ததத் திரும்ப எடுப்போம் தம்பி. எல்லாத்தையும் வெறுங்கால்ல,” என்றேன். கார்த்திக், பொறியாளரின் கருவி வேண்டாம் என்று கலைப் பிரிவு ஆட்களிடம் சொல்லிவிட்டார். ஒரு தாயின் கேள்விக்குப் பதில் தெரியாததால் அந்த உயிர் தலைவியை விட்டுப் போகிறது என்று முடிவு மாறியது.

“பூட்ஸு வேணாங்கறத மொதல்லயே சொல்லியிருக்கலாம்,” என்றார் மாரியப்பன். “கால் வெந்து போச்சு.”

4. பிறகு

ஒளிபரப்பானதும், விண்கலத்தில் ஏன் யாரும் செருப்புப் போடவில்லை என்று சிலர் கேட்டு எழுதினார்கள். கார்த்திக் பதில் போடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: மறுபடி எடுக்க முடியாத ஷாட் எது என்று முதலில் பாருங்கள். மற்றவற்றை அதற்குப் பொருத்துங்கள். வரிசைப்படி முதலில் எடுத்தது எது என்பது இரண்டாவது விஷயம்.

முனீஸ் இன்னும் வரவில்லை. போனும் இல்லை. மறு ஒளிபரப்பு என்று தெரிந்தால் பேச்சியம்மாள் என்னைக் கூப்பிடுவார். போன வாரமும் கூப்பிட்டார்.

“இந்தத் தடவ வடக்கயும் தெரியுமாய்யா?”

இதைக் கேட்பார் என்று தெரியும். காலையிலேயே கார்த்திக்குக்குப் போன் போட்டு விசாரித்து வைத்திருந்தேன். வடக்கிலும் தெரியும் என்று சொன்னேன்.