ஜலகண்டாபுரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்

கேமரா மாட்டும் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவன் நான். போன இடங்களைப் பற்றி இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு, அதே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வழி கேட்டு எழுதுகிறார்கள். இந்த முறை வழியோடு சேர்த்து நான் பயந்த கதையையும் சொல்லப்போகிறேன். பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் இது அந்த வகைப் பயம் இல்லை.

சித்திரை பிறந்த வாரத்தில் முருகேசன் என்பவர் ஜலகண்டாபுரத்திலிருந்து கூப்பிட்டார். வீட்டை ஒட்டிய பட்டறையில் ஆறு விசைத்தறிகள். இவர் நூல் எடுக்க, நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போட என்று வெளியே சுற்றுவார். மனைவி செல்வி தனியாகத் தறி ஓட்டுவார். மூன்று கேமராவும் ஒரு வீடியோ சர்வரும் ஏற்கெனவே இருந்தன. "அதுல ஒரு சுவிட்சும் சைரனும் மாட்டிக் குடுங்க. ஊட்ல ரொம்பப் பயப்படுதுங்க" என்றார், மனைவியைச் சொல்லி. எதற்குப் பயம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினேன். தாரமங்கலம் வழி, முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சன்னலோரம் வெயில் அடிக்கும், வலப்பக்கம் உட்காராதீர்கள். ஊருக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். இரண்டு தெரு தாண்டினால் காது அதை மறந்துவிடும் என்பதுதான் ஆச்சரியம்.

நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர், "ஆரு ஊட்டுக்குங்க?" என்றார். சொன்னேன்.

"பெல்ட்டுல சேலை மாட்டுச்சே, அந்த ஊடுங்களா?"

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"மோட்டாருப் பெல்ட்டு முந்தானைய இழுத்துப் போட்டுச்சுங்க. கத்துனா ஆருக்குக் கேக்கும், அந்தச் சத்தத்துல? நல்ல நேரம், கரண்ட்டு போயிருச்சு. இன்னொரு சுத்து சுத்தியிருந்தா கழுத்துங்க."

இதுவரை நான் மாட்டியதெல்லாம் திருட்டுப் பயத்துக்கு. கடைக் கதவு திறந்தால் காட்டும் உணரி, கல்யாண மண்டபத்தில் சைரன். வேலை சொதப்பினால் பொருள் போகும், அவ்வளவுதான். மடியில் இருந்த கருவிப் பை அன்று கனத்தது.

செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அங்கே தறி ஓட்டுகிற பெண்கள் செய்வதுபோலச் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சம்பவத்தன்று புழுக்கம் தாளாமல் சட்டையைக் கழற்றிவிட்டிருந்தாராம். இப்போது கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். வாசலை ஒட்டிய இரண்டு தறிகளை மட்டும் ஓட்டினார். மூலையில் கிடந்த, சேலையை இழுத்த தறிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சைரன் எதுக்குங்க? எனக்கு வேணுங்கிறப்ப கரண்ட்டு போகோணும். அதுக்கு வழி பண்ணிக் குடுங்க சாமி" என்றார்.

வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீடியோ சர்வர் என்பது கேமராப் படங்களை வாங்கி நெட்வொர்க் வழியாக நம் கைப்பேசிக்கு அனுப்புகிற பெட்டி. அதன் பின்பக்கம் சின்னத் திருகு முனைகள் இருக்கும். உள்ளீட்டு முனையில் பொத்தானையோ கதவு உணரியையோ இணைக்கலாம். வெளியீட்டு முனையில் விளக்கு, சைரன் இணைக்கலாம். பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குத் தெரியும், பெட்டி சைரனை அடிக்கும்.

முதலில் சைரனைத்தான் இணைத்துப் பார்த்தேன். சோதனைக்காக முருகேசன் ஆறு தறியையும் ஓட்ட, அது வாய் மட்டும் அசைக்கிற ஆள் மாதிரி இருந்தது. செல்வி சிரிக்கவில்லை. சரி, அவர் கேட்டபடியே செய்வோம் என்று, தறிகளுக்கு மின்சாரம் தரும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுத்துப் பிடிக்கும் சுருளின் வழியில், பெட்டி சொன்னால் தட்டும் சின்னச் சுவிட்சான ரிலே ஒன்றை வைத்து, அந்த ரிலேயைச் சர்வரின் வெளியீட்டில் கோத்தேன். மூலைத் தறிக்குப் பக்கத்தில் காளான் தலை வைத்த சிவப்புப் பொத்தான். அழுத்தியதும் பெட்டி உணர்ந்து ரிலேயைத் தட்ட, ஆறு தறியும் நின்றன. முருகேசனின் கைப்பேசிக்குப் படம் போனது. சோதனைக்காக என் எண்ணையும் சேர்த்திருந்தேன், எனக்கும் வந்தது. மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் நின்றது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

வீட்டிலேயே சாப்பாடு போட்டார்கள். கை கழுவிவிட்டு வந்தபோது தறிகள் மறுபடி ஓடின. செல்வி முதல் முறையாக மூலைத் தறிக்குப் போனார். மெதுவாக, சட்டையை இழுத்துப் பிடித்தபடி போனார். பெல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். எங்களைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

தறி நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினார். உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினார். ஆறும் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் வாய் திறந்திருந்தது, கத்தினாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் சேலை எங்கும் மாட்டவில்லை, ஆபத்து ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் விழுந்தடித்து ஓடி மெயினை இறக்கினேன்.

சத்தம் நின்றதும் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். "ஏனுங்க, எங்களுது ஓடுது, உங்களுது மட்டும் ஏன் நின்னுது? செல்விக்கு என்னாச்சு?" செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

காரணம் சுவரில் தொங்கியது. சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் முருகேசன் தன் கைப்பேசியைச் சார்ஜ் போட்டிருந்தார். "கேமராப் படம் பாக்கோணும்னுதானுங்க போட்டேன்" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவர்மேல் என்ன தப்பு? பட்டறையில் இருப்பதே ஒரு பிளக் பாயிண்ட். ஒரு பெண்ணின் கழுத்தை அந்த ஒரு பிளக்கில் தொங்கவிட்டவன் நான்தான். நான் ஊருக்குப் போன பிறகு, உண்மையிலேயே சேலை மாட்டியபோது இது நடந்திருந்தால்?

மொத்தத்தையும் பிரித்தேன். இம்முறை சிவப்புப் பொத்தானை நேராகக் கான்டாக்டர் சுருளின் வழியிலேயே வைத்தேன். அழுத்தினால் வழி அறுந்து தறி நிற்கும். கம்பி அறுந்தாலும், எலி கடித்தாலும் நிற்கும். பொத்தானை விடுவித்தாலும் வாசலில் உள்ள பச்சைப் பொத்தானைப் போடாமல் ஓடாது. பொத்தானின் இரண்டாவது முனையை மட்டும் சர்வரின் உள்ளீட்டுக்குக் கொடுத்தேன், படம் அனுப்ப. வெளியீட்டில் பக்கத்துப் பட்டறை வாசலுக்கு ஒரு சிவப்பு விளக்கு. சர்வர் இனி செய்தி சொல்லும், உயிர் காக்கிற வேலை அதனுடையது அல்ல.

மெயினை ஏற்றிவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்றேன்.

செல்வி எழுந்து வந்து சர்வரின் பிளக்கைத் தானே பிடுங்கினார். "இப்ப அமுத்துறேன்" என்றார். பச்சைப் பொத்தானைப் போட்டு ஆறையும் ஓடவிட்டு, மூலைக்குப் போய் அழுத்தினார். ஆறும் நின்றன. அந்த அமைதியில் அவர் மூச்சு வாங்கியது கேட்டது. பிளக்கை மாட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை அழுத்தினார். என் கைப்பேசி அதிர்ந்தது.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உள்ளீடு, வெளியீடு இணைத்ததும் முதலில் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். மோட்டாரைச் சர்வரின் முனையில் நேராக இணைக்கவே கூடாது, அது தாங்காது. மெயினை இறக்காமல் கான்டாக்டரைத் தொடாதீர்கள், எலக்ட்ரீசியன் ஒருவர் கூட இருக்கட்டும். போகும் முன் யாருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். திரும்பும்போது சேலத்தில் இறங்கித் தட்டுவடை செட் சாப்பிடுங்கள். நான் வாங்கிவிட்டுச் சாப்பிட முடியாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை என் கைப்பேசி அதிர்ந்தது. சர்வரிலிருந்து படம். பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. முருகேசனைக் கூப்பிட்டேன். "ஒன்னும் இல்லீங்க, ஊட்ல தறி ஓட்டுறதுக்கு முந்தி அமுத்திப் பாக்குது. இனி தெனமும் அமுத்துமாம்" என்றார்.

சோதனைக்குப் போட்ட என் எண்ணை நீக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தினமும் படம் வருகிறது. மூலைத் தறி, சிவப்புப் பொத்தான், அதன்மேல் செல்வியின் கை. ஒவ்வொரு நாளும் அதிர்ந்ததும் முதலில் பயப்படுகிறேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி, சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.