செருப்புக்குள் வந்த கருடன்

எங்கள் வீட்டுக் கருடன் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. அமெரிக்காவில் யாரோ போட்டுக் கழற்றிய ஷூவுக்குள் உட்கார்ந்து வந்தது.

அம்மா அப்போது ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் கம்பெனி வேனில் போவாள். அமெரிக்காவுக்கு அனுப்பிய ஷூக்களில் சோல் பிய்ந்துகொள்கிறது என்று புகார் வந்து, ஒரே ஒரு பெட்டி மட்டும் திரும்பி வந்திருந்தது. அதில் ஒன்றைக் கவிழ்த்தபோது அமெரிக்கக் காசு ஒன்று விழுந்ததாம். சூப்பர்வைசர், "பாப்பாவுக்குக் குடும்மா" என்று சொல்லிவிட்டார்.

ஒரு பக்கம் குடுமி வைத்த ஒரு தாத்தாவின் தலை. மறுபக்கம், காலில் ஒரு கட்டு அம்புகளைப் பிடித்துக்கொண்டு சிறகு விரித்த கழுகு. எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, சும்மா இருக்கிற ஆளா?

"ஐயே, கழுகுன்னு சொல்லாத. கருடன் இது. பெருமாளையே தூக்கினு பறக்கறவரு. கேட்டதைக் குடுப்பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

சாமி அலமாரியில் வைக்க அம்மா ஒப்பவில்லை. "செருப்புல வந்ததைக் கொண்டாந்து சாமிகிட்ட வெக்கறதா?"

"நாம துன்ற சோறே அதுல தானேக்கா வருது" என்றார் மாமா. அம்மாவே அதை எடுத்து அலமாரியில் வைத்தாள். கருடனுக்குக் குங்குமமும் வைத்தாகிவிட்டது. அலமாரி எனக்கு எட்டாது. எம்பி எம்பித்தான் பார்ப்பேன்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். உலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள், வந்த வேகத்தில் உள்ளே போனாள். போன் அடித்தால் ஈரக் கையோடு ஓடினாள்.

"இன்னாக்கா பேஜாரு உனுக்கு?" என்றார் மாமா.

"அனுப்பன மாலு மொத்தமும் திரும்பி வந்துடும்னு பேசிக்கிறாங்கடா. வந்துச்சுன்னா எங்க தையல் லைனையே மூடிடுவாங்களாம்."

என் மண்டையில் ஏறியது முதல் பாதி மட்டும்தான். ஒரு பெட்டிக்கே ஒரு கருடன் என்றால், மொத்தத்துக்கும் எத்தனை! அன்றிலிருந்து எனக்கும் ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. ஹைவேயில் போகிற ஒவ்வொரு கண்டெய்னர் லாரியையும் ஓடிப்போய்ப் பார்த்தேன். விடிந்தால் அலமாரிக்குக் கீழே நின்று, கருடா, எல்லா ஷூவும் திரும்பி வரட்டும், ஒன்றுகூட அங்கே தங்கக்கூடாது என்று கன்னம் சிவக்கப் போட்டுக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று அம்மா கேட்டாள். சொன்னால் பலிக்காது என்றேன். "நல்லா வேண்டிக்க கண்ணு" என்று அவளும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, மத்தியானமே வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினாள்.

"ஷூ வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சுடி. எல்லாம் வந்துடுச்சு."

ஐயோ, அன்றைக்கு நான் குதித்த குதி! தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மாவின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். காசு ஒன்றும் இல்லை. தொடாத சாப்பாட்டு டப்பா விழுந்தது. கூடவே, மிஷின் ஸ்டூலில் போட்டு உட்கார அவள் பழைய புடவையில் தைத்துக்கொண்ட திண்டும் விழுந்தது. வருஷக்கணக்காகக் கம்பெனியிலேயே கிடந்த திண்டு அது. அதை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தத் திண்டை இழுத்துப்போய் அலமாரிக்குக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றேன். முதல்முறையாகக் கருடன் என் முகத்துக்கு நேராக இருந்தது. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டதே என்று, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாக அதற்கு நன்றி சொன்னேன்.