தோணிக்குக் கண்ணீர் அஞ்சலியா?

1. மாப்பிள்ளைக் கோலம்

மட்டக்களப்பில் ஸ்டூடியோ வைத்திருந்த காலமெல்லாம், கூறைச் சேலையின் சிவப்பு படத்திலும் சிவப்பாகவே விழவேண்டும் என்று பாடுபட்டு என் கண் தேய்ந்தது. அதனால்தான் ஓய்வு கிடைத்தால் வாவிக்கரைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பேன். நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீரின் சுருக்கம் தெரியும், மேகத்தின் கனம் தெரியும். "என்ட சாறி வெளிறிப்போச்சு" என்று எந்தச் சம்பந்தியும் சண்டைக்கு வரவும் மாட்டார். ஆனால் அந்தப் படங்களை ஒருவரும் கேட்டதில்லை. அலுமாரிக்குள்ளேயே கிடந்தன.

ஸ்டூடியோவை மூடிய பிறகு ஒரு நாள், வாவியோரம் புதிதாகக் கட்டிய ஹோட்டலின் மனேஜர் போன் எடுத்தார்.

"மெடம், வரவேற்பறைச் சுவருக்கு வாவியப் பெரிசா ஒரு ப்ளக் அண்ட் வைட் படம் வேணும். திறப்பு விழாவுக்கு முதல் தாங்க. ஏலாதெண்டா சொல்லுங்க, கொழும்பில இருந்து எடுப்பம்."

என் வாவிப் படம் முதன்முறையாக ஒரு சுவரில் ஏறப்போகிறது. கொழும்புக்கு விடுவேனா?

மண்டூர்ப் பக்கம், கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கரை ஒன்று எனக்குத் தெரியும். அங்கே தவராசா என்ற மீன்பிடிக்காரரின் தோணி கட்டிக் கிடக்கும். வெயில் தின்ற அந்தப் பலகைக்காகவே போய், "ஞாயிற்றுக்கிழமை விடிய வாறன் தம்பி, உங்கட தோணியப் படம் எடுக்கணும்" என்று சொல்லிவைத்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

படம் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா வந்து நிற்பார்களா? ஞாயிறு போய்ப் பார்த்தால் தோணி மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறது. சிவப்பு, மஞ்சள், மயில் நீலம். பெயின்ற் வாசம் மூக்கில் ஏறுகிறது. பக்கத்தில் தவராசா எண்ணெய் வைத்துத் தலை வாரி நிற்கிறார்.

எடுத்தேன். கமராத் திரையை எட்டிப் பார்த்தார்.

"சிவப்பு எங்கக்கா?"

"இது கறுப்பு வெள்ளைப் படம், தம்பி."

"நீலம்?"

"அதுவும் போயிரும்."

"மதிலில ஒட்டுற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரி இரிக்கு. என்ட தோணி என்ன செத்தா போச்சு?"

ஒளி, நிழல் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை. "மீன் வாங்கக்குள்ள செவுள் சிவப்பா எண்டு பாத்துத்தானே வாங்குவீங்க? கறுப்பு வெள்ளையில மீன் வாங்குங்க பாப்பம்!"

அவர் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

2. இனி என்ன களவெடுப்பீங்க?

வேறு தோணிக்காரரைக் கேட்கலாம் என்று போனால், கதை எனக்கு முன்னமே போயிருந்தது. "அக்கா படம் எடுத்தா பெயின்ற் போயிருமாமே" என்று சிரித்தார்கள். மனேஜர் இரண்டாம் முறையும் போன் எடுத்துவிட்டார். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இந்த வயதில் கிடைத்த ஒரு சுவர், அதுவும் கைநழுவப் பார்த்தது.

நான் கரை கரையாக அலைந்தது அவர் காதுக்கும் போயிருக்கவேண்டும், அன்று மாலை தவராசாவே அழைத்தார். "நாளைக்கு விடிய வாங்கக்கா. ஆனா கலரிலயும் ஒண்டு எடுக்கணும்."

போனேன். வாவி முழுக்கப் பனி. பனிக்குள் தோணி நிற்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, விளிம்பில் வெள்ளைக் கோடு.

"இனி உங்கட கமரா என்னத்தக் களவெடுக்கும்?" என்றார் தவராசா.

நான் சிரித்த சிரிப்பில் கண்ணா மரத்து நீர்க்காகங்கள் கலைந்து பறந்தன. சொன்னபடி இரண்டு விதமாகவும் எடுத்தேன்.

3. பகிடி

வீட்டில் வந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம் அருமைதான். ஆனால் தோணியின் மூக்கில் சாம்பல் பூசினதுபோல ஒரு கறை. கலர்ப் படத்தைத் திறந்ததும் விளங்கியது. குங்குமப் பொட்டு! பனிக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு சிவப்பை மிச்சம் வைத்திருக்கிறார் மனுசன். பனி மூடிய தண்ணீரும் வானமும் மரமும் தாமாகவே கறுப்பு வெள்ளையாக இருந்தன. நிறம் என்று படத்தில் இருந்தது அந்தப் பொட்டு மட்டும்தான். இத்தனை காலம் நான் கமராவில் செய்ததை அன்று வாவியே செய்து வைத்திருந்தது. கலர்ப் படத்தையே அனுப்பினேன்.

"ப்ளக் அண்ட் வைட் எண்டா இதுதான் மெடம்!" என்றார் மனேஜர். "பொட்ட மட்டும் கம்பியூட்டர்ல சிவப்பாக்கினீங்கதானே?"

"இல்ல மனேஜர், இது கலர்ப் படம்."

"பகிடி விடாதீங்க மெடம்."

திறப்பு விழாவில் தவராசா படத்தின் முன்னால் கைகட்டி நின்று, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். "படம் கலர். தோணிதான் கறுப்பு வெள்ளை." ஒருவரும் நம்பவில்லை. "விளங்காத சனம் அக்கா" என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படம் எடுக்க வருகிறேன் என்று சொன்னால், எந்த மாதிரிப் படம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் ஒரு பொட்டுக்கு இடம் விடுங்கள். மனேஜர் இப்போது ஒவ்வொரு அறைக்கும் "அதே ஸ்டைலில்" ஒரு படம் கேட்கிறார். என் கமராப் பையில், லென்ஸ் துடைக்கும் துணிக்குப் பக்கத்தில், ஒரு குங்குமச் சிமிழ் இருக்கிறது.