அக்கரை கொடுத்த வாக்கு

அந்தக் கடிதம் வந்தபோது ஆற்றின் ஈரம் இன்னும் அதில் இருந்தது. நான்காக மடித்த தாள். ஓரங்களில் நீல மை கசிந்திருந்தது. யுத்த காலம். பென்னாகரத்தில் தாசில்தாரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். வீட்டில் கன்னடம் பேசுகிறவன் என்பதால் அதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எழுதியவர் காவிரிக்கு அக்கரையில் இருந்த சமஸ்தானத்தின் அமல்தார். எங்கள் தாசில்தாருக்குச் சமமான அதிகாரி.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்து, காட்டோர ஊர்களில் களி கிண்டக் கேழ்வரகு இல்லை. அக்கரையில் இருந்தது, ஆனால் தானியம் எல்லை தாண்ட சமஸ்தானம் தடை போட்டிருந்தது. தாசில்தார் எழுதிக் கேட்டதற்கு இதுதான் பதில்: 'அறுவடை வரை உங்கள் பரிசல்களை மறிக்க மாட்டோம். எங்கள் மேலிடத்துக்கும் சம்மதம். வெளியே தெரிந்தால் அப்படி எதுவும் சொல்லவில்லை என்போம், தடையும் இறுகும்.'

வாக்கு கிடைத்தது. பரிசல்தான் போகவில்லை. முன்பு தடையை மீறிப் போன இரண்டு பரிசல்கள் பறிபோயிருந்ததால் எல்லோருக்கும் பயம்.

"தண்டோரா போட்டுடலாங்க. விசயம் தெரிஞ்சா பரிசல் தானா போவும்" என்றார் தலைமைக் குமாஸ்தா.

"ஒரு நாளைக்குப் போவும். மறுநாளு? அவரு என்னை நம்பி எழுதினாருங்க, ஊருக்கு எழுதல" என்றார் தாசில்தார்.

"நம்ம சனத்துக்குத்தானுங்களே நாம பதில் சொல்லோணும்?"

இரண்டு நாள் இப்படியே கழிந்தது. ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவர் என்னை வழிமறித்து, "நெசத்தச் சொல்லுங்க சாமி, போனாப் புடிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். தெரிந்திருந்தும், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நடையைக் கட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் தாசில்தார் கோட்டும் தலைப்பாகையுமாக ஆற்றுக்கு வந்து, அதே மனிதரின் பரிசலில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

"புடிச்சிட்டாங்கன்னா சாமி?"

"என்னையும் சேத்துத்தான புடிப்பாங்க? தள்ளுங்க."

அருவியின் சாரல் புகைபோல் ஆற்றின் மேல் படர்ந்திருந்தது. இரைச்சல் தூக்கத்தில் கேட்பதுபோல் எங்கோ தூரத்தில் கேட்டது. பரிசல் மெல்லச் சுழலச் சுழல, எது நம் கரை, எது அவர்கள் கரை என்று எனக்கே பிடிபடவில்லை. புகை விலகியபோது எதிரே சரிகைத் தலைப்பாகையோடு ஒருவர் சேவகர்கள் சூழ நின்றிருந்தார். அமல்தார்தான் என்று பரிசல்காரர் காதில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் அதற்குமுன் பார்த்ததில்லை. வணக்கம் சொல்ல எழுந்த தாசில்தாரின் கை, பாதியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கியது. அமல்தார் ஒரு கணம் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அருவியைப் பார்க்க ஆரம்பித்தார். சேவகர்களும் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அக்கரை வியாபாரிகளிடம் வாங்கிய கேழ்வரகு மூட்டைகளை நாங்கள் ஏற்றினோம்.

மறுநாளிலிருந்து ஆறு நிறையப் பரிசல்கள். யாரும் காரணம் கேட்கவில்லை.

அனுமதியின்றி எல்லை தாண்டியது ஏன் என்று எங்கள் பக்கத்து மேலிடம் தாசில்தாரிடம் விளக்கம் கேட்டது. 'அருவி பார்க்க' என்று எழுதிக்கொடுத்தார். தொலைதூரத்துக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப வந்த தலைமைக் குமாஸ்தா, "நான் சொன்னதும் தப்பில்லீங்களே" என்றார்.

"தப்புன்னு எப்பங்க சொன்னேன்? எனக்கு வேற வழி தெரியல."

அந்தச் சமஸ்தானம் இன்று இல்லை; மறுத்துப் பேசவும் ஆளில்லை. அன்று களி தின்று பிழைத்த பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். யார் வாக்கில் அந்தக் கேழ்வரகு ஆற்றைக் கடந்தது என்பது மட்டும் அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.